பதினேழாம் மாதிரி

இரும்புக் கரண்டி கூடாது.
உலோகத்தை அளக்க வந்தவள்
உலோகத்தால் தொடக்கூடாது என்பது விதி.
ஆகவே ஐஸ்கிரீம் கடையில் தருவது போன்ற
வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டியோடு
பூலாரூவில், காக்கிள் ஓடைச் சேற்றில்
முழங்கால்வரை நிற்கிறேன்.
காக்கிள் என்றால் மட்டி.
இதுவரை ஒரு மட்டிகூடக் கண்ணில் படவில்லை.

உருக்காலையை இடித்துவிட்டார்கள்.
புகை போனது, கசடு போகவில்லை.
இலவசம் என்றதும் லாரி லாரியாய் ஏற்றிவந்து
பள்ளம் நிரப்பினார்கள், கார்ப்பாதை போட்டார்கள்,
ரோஜாப் பாத்திக்கு வரப்பு கட்டினார்கள்.
கறுப்புச் சர்க்கரை.
மிதித்தால் நறநறக்கும்.

அபாயக் குறியீடு ஒன்றும் பெரிய கணக்கில்லை.
இப்போது இருப்பதை
முன்பு இருந்ததால் வகு.
நஞ்சின் எடையால் பெருக்கு. கூட்டு.
துத்தநாகத்துக்கு எடை ஒன்று.
செம்புக்கு ஐந்து, ஈயத்துக்கும் ஐந்து.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை;
இந்த அட்டவணையைப் பார்த்திருந்தால்
வாயை மூடிக்கொண்டிருக்கும்.
காட்மியத்துக்கு முப்பது.
அதற்கு நம்மிடம் பழமொழி இல்லை.
நம் பாத்திரங்களில் அது இருந்ததில்லை,
அல்லது இருந்தது தெரியவில்லை.

முன்பு இருந்தது என்றால்
எந்த முன்பு, எங்கே தோண்டுவது?
ஏரிக்கரையோரம் வெகுதூரம் போய்
காரை நிறுத்தி, நடந்து, இன்னும் நடந்து
யாருமே இருந்திராத இடம் என்று
ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் குனிந்தேன்.
ஒரு சாண் ஆழத்தில் மட்டி ஓடுகள்.
அடுக்கின்மேல் அடுக்கு, நடுவே கரி.
எத்தனையோ தலைமுறை அவபகல் மக்கள்
இங்கே உட்கார்ந்து தின்றிருக்கிறார்கள்.
தோண்டியதை அப்படியே மூடினேன்.
கைபட்ட ஓட்டையும் அதன் இடத்தில் வைத்தேன்.
மன்னிப்பு யாரிடம் கேட்பது என்று தெரியாமல்
வேறிடம் போனேன்.

பதினேழாம் மாதிரி
நொயலீன் டிரான்டரின் கோழிக்கூட்டு வாசல்.
தோட்டத்துக் கீரையைத் தின்னலாமா என்று அவர் கேட்கவில்லை.
முப்பத்தோராண்டு தின்றாயிற்று.
டீயில் எத்தனை கரண்டி என்றுதான் கேட்டார்.
கிளம்பும்போது ஆறு முட்டை, செய்தித்தாளில் சுற்றி.
"முட்டை எங்கள் திட்டத்தில் இல்லை" என்றேன்.
"பெண்ணே, இது தின்பதற்கு" என்றார்.

இருபத்துநான்கு முற்றங்களின் சராசரி 341.
கணிசமான அபாயம்.
பதினேழை விலக்கினால் 287.
முந்நூறுக்குக் கீழே இறங்கினால் மிதம்.
மிதமான காரம், மிதமான குளிர்,
மிதமான மழைக்கு வாய்ப்பு.
அதைக் கேட்டு யாரும் குடை எடுப்பதில்லை.

பதினேழு ஒரு விலகல் என்கிறார் டெரெக்.
புள்ளியியல்படி நீக்கலாம்.
அவர் பொய் சொல்லவில்லை.
பொய் சொல்லியிருந்தால்
எனக்கு வேலை சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத ஆய்வகம்.
ஒரு முட்டையை உடைத்து
மஞ்சள் கருவை நைட்ரிக் அமிலத்தில் விடுகிறேன்.
செம்பழுப்புப் புகை எழுகிறது
கண்ணாடிக் கூண்டுக்குள்
சின்ன உருக்காலை போல.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
மிதித்துச் சாகாதுதான்.

எண் வந்துவிட்டது.
அறிக்கையில் அதை எழுதக் கட்டம் இல்லை.
இப்போதைக்கு என் உள்ளங்கையில், பேனாவால்.

மீதி ஐந்தும் குளிர்பெட்டியில்,
இருபத்துநான்கு மண் பைகளுக்குப் பக்கத்தில்
பெயரொட்டாமல்.

நொயலீன் வீட்டு எண்ணைத் தட்டுகிறேன்.
மணி போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.
கொல்லையில் இருப்பார்.
தீனி போடும் நேரம்.